மூணு சிலிண்டர் தாங்காது

எண்ணூறு சிசிக்கு நாலு குறைவு, மூன்று சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு வால்வு, மேலே அலுமினிய ஹெட், பக்கத்தில் ஒரு கார்புரேட்டர், இரண்டு சொம்புகூட நிறையாத ஆயில் என்று இவ்வளவுதான் அந்த எஞ்சினின் ஜாதகம். மலையடிவாரத்துக் கணவாய்ப்பட்டியின் முட்டுவலியையும் முதுகுவலியையும் இழுப்பையும் படபடப்பையும் தன் தலைமேல் வாங்கிக்கொள்ளும்படி அதை யாரும் கேட்கவில்லை, வாங்கப்போகிறேன் என்று அதுவும் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பங்குனிச் செவ்வாய்க்கிழமை, மலைப்பாதையில் கணவாய்க் காளி கோயில் வளைவு வரைக்கும் ஏறி, அங்கே ஒரு எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுத் திரும்பி இறங்கியபோது அது தானாக ஆரம்பித்தது. ஆரம்பித்த காரியம் லேசில் நிற்கிற ஊரா அது.

வண்டி ஒச்சம்மாவுடையது. லாரிக்கு வடக்கே போன அவள் புருஷன் அங்கேயே ஒரு குடும்பத்தைப் பார்த்துக்கொண்டு தங்கிவிட, அவன் விட்டுப்போன சாமான்களில் ஓடக்கூடியது இந்தச் சிவப்புக் கார் ஒன்றுதான். அழுது முடித்த கையோடு ஒச்சம்மா ஸ்டியரிங்கைப் பிடித்தாள். ஆஸ்பத்திரிக்கு, பிரசவத்துக்கு, பெண் பார்க்க, பிணம் பார்க்க என்று ஊரே அவள் பின்சீட்டில் உட்கார்ந்து போய்வந்தது. அவள் மட்டும் அதில் உட்கார்ந்ததில்லை. உட்கார நேரமில்லை என்பது ஒன்று, அவளை உட்காரவைத்து ஓட்ட ஆளில்லை என்பது இன்னொன்று. நாற்பத்தேழு வயதுக்குள் அவளுக்கு ஒரு அசதி வந்துவிட்டது. தூங்கி எழுந்தாலும் போகாத அசதி. படுத்தால் கண் மூடாது, எழுந்தால் கண் திறக்காது.

அந்தச் செவ்வாய்க்கிழமை பின்சீட்டில் இருந்தவர் டீக்கடை சுருளிவேல். பத்து அடி நடந்தால் மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இழுப்புக்காரர். இறங்கி வரும்போது மூன்றாவது வளைவில் அவர் திடீரென்று, "ஏத்தா, காத்து நல்லா வருதே," என்றார். காற்று வந்தது அவருக்கு; எஞ்சினுக்கு வரவில்லை. அது இருமியது, திணறியது, ஆக்சிலேட்டரை மிதித்தால் ஏங்கியது. ஊருக்குள் வந்ததும் மெக்கானிக் கனி ராவுத்தர் பானட்டைத் திறந்து ஏர் ஃபில்டரைக் கழற்றினார். போன வாரம் அவர் கையாலேயே மாற்றிய புது ஃபில்டர், டீத்தூள் மணக்கும் கறுப்புச் சளியால் அடைத்துக் கிடந்தது. கனி அதை முகர்ந்துபார்த்தார், சுருளிவேலைப் பார்த்தார். சுருளிவேல் பட்டறை வாசலில் நின்று, சின்ன வயதில் விட்டுப்போன சீட்டியை அடித்துப்பார்த்துக்கொண்டிருந்தார்.

"புதுசு மாத்தணும் தாயி," என்றார் கனி. அதற்குமேல் அவர் ஒன்றும் ஆராயவில்லை. வந்த வண்டியைச் சரிபண்ணுவதுதான் அவர் வேலை, அது ஏன் வந்தது என்று கேட்பதல்ல.

அடுத்து சுருளிவேலின் சம்சாரம் ஏறினாள். அவள் முட்டுவலி மலையிலேயே தங்கிவிட, டேப்பெட் டக்டக்கென்று அடித்துக்கொண்டு வண்டி இறங்கியது. அவளுடைய மாமனார் ஏறினார். அடக்க முடியாத மூத்திரக்கோளாறு அவருக்கு நின்றது, வால்வு கவர் இடுக்கில் ஆயில் சொட்ட ஆரம்பித்தது. ரத்தக்கொதிப்புக்காரர்கள் போய்வந்தால் டெம்பரேச்சர் முள் சிவப்பில் போய் நின்றது. படபடப்புக்காரர்கள் இறங்கினால், நின்ற இடத்திலேயே எஞ்சின் சத்தம் ஏறி ஏறி இறங்கியது. காலையில் குளிருக்கு எழுந்திருக்காதவர்களின் சோம்பல் சோக்கில் போய் உட்கார்ந்தது. இப்படி எந்த நோவு எந்தப் பாகத்துக்குப் போகும் என்பது சித்திரை முடிவதற்குள் பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்துவிட்டது.

கணவாய்ப்பட்டிக்காரர்கள் ஆச்சரியப்படுவதில் அதிக நேரத்தைச் செலவழிக்கவில்லை. வந்த அதிசயத்துக்கு முதலில் ஒரு வரிசையைப் போட்டார்கள், அப்புறம் வரிசையில் சண்டை போட்டார்கள், அப்புறம் சண்டையைத் தீர்க்க ஒரு கமிட்டியைப் போட்டார்கள். சுருளிவேல் அதற்குத் தலைவர், மூச்சு திரும்பிய தகுதியில். காய்ச்சலைக் கமிட்டி வரிசையில் சேர்ப்பதில்லை, அது தானே போய்விடும். காதல் தோல்வியையும் எடுத்துக்கொள்வதில்லை, அது டிஸ்ட்ரிபியூட்டரைக் கெடுக்கிறது என்று கனி சொல்லிவிட்டார். சம்பந்தம் பேசுகிறவர்கள், "பையனுக்குக் காம்ப்ரஷன் எப்படி?" என்று நாசூக்காக விசாரித்தார்கள். குழாயடியில் சாபம் விடுகிறவள், "ஒன் ஹெட் கேஸ்கட் வெடிக்க," என்று விட்டாள். அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் சும்மா உட்கார்ந்திருந்து அலுத்து, ஒருநாள் தன் கழுத்துவலியோடு அவரே வரிசையில் வந்து நின்றார்.

கனி ராவுத்தரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்தச் சாமானை மாற்றினாலும் கழற்றிய பழையதை வண்டிக்காரர் கையில் கொடுத்துவிடுவார். பொய்யாக மாற்றவில்லை என்பதற்கு அது சாட்சி, யோக்கியமான மெக்கானிக்குகள் எல்லோரும் செய்வதுதான். இப்போதும் அப்படியே ஒச்சம்மாவிடம் நீட்டினார். "எனக்கெதுக்குண்ணே? யாரு நோவோ அவுககிட்டக் குடுங்க," என்றாள் அவள். வாங்கிப் போனவர்களுக்கோ அதை வீட்டில் வைக்கப் பயம். காளி கோயிலில் கண்வலிக்குக் கண்மலரும், கால்வலிக்குத் தகரத்தில் வெட்டிய காலும் சாத்துவது வழக்கமாக இருந்ததால், அவற்றுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்தார்கள். கருகிய பிளக்கும் வெடித்த கேஸ்கட்டும் பிய்ந்த ஃபேன் பெல்ட்டும் அம்மன் காலடியில் சேர்ந்தன. பூசாரி மொக்கையன் எல்லாவற்றுக்கும் மஞ்சள் தெளித்து, குங்குமம் வைத்தான். கையில் ஆயில் படுகிறது என்பதைத் தவிர அவனுக்கு வேறு குறை இல்லை.

குறையெல்லாம் ஒச்சம்மாவுக்குத்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மேலே ஏறும்போது நோவுக்காரர்களின் முனகல், கீழே இறங்கும்போது எஞ்சினின் முனகல், இரண்டுக்கும் நடுவில் அவள். காலையில் ஒரு முதுகுவலிக்காரரோடு ஏறுவாள், இறங்கினால் எஞ்சின் மவுண்ட் போய் வண்டி உதறும், கனி சரிபண்ணுவார், கையைக் கழுவுவதற்குள் அடுத்த ஆள் கதவைத் திறந்து உட்கார்ந்திருப்பார். அவள் இருந்தது ஓட்டுகிறவர் சீட். அந்தச் சீட்டில் உட்காருகிறவரிடமிருந்து எஞ்சின் எதையும் வாங்கிக்கொள்வதில்லை. ஊரே லேசாகிக்கொண்டு வந்தது. கிழவர்கள் சைக்கிள் பழகினார்கள். ஒச்சம்மாவுக்குத் தன் கை தன்னுடையது இல்லை என்பதுபோல் கனத்தது, சோறு அள்ளினால் பாதியில் எதற்கு அள்ளினோம் என்று மறந்தது. ஒருத்தராவது நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டார்களா என்றால் கேட்டார்கள். வண்டி எப்படி இருக்கிறது என்றுதான்.

நடுவில் ஒரு கூத்தும் நடந்தது. மழைக்காலத்தில் ரோடு துண்டாகிப்போய், டவுனிலிருந்து சாமான் வரவில்லை. ஏலக்காய் தரம் பிரிக்கிற கொட்டகையில் குத்தவைத்து உட்கார்ந்தே இடுப்பு ஒடிந்த பெண்கள், அவர்களுக்குத் தலைமையாக மாயக்கா, எல்லோரும் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். எஞ்சினில் ஒரு பிளக் பொறி விடவில்லை. அவசரத்துக்குக் கனி, கோயிலிலிருந்து ஒரு பழைய பிளக்கை எடுத்துவந்து, உப்புத்தாளால் தேய்த்து மாட்டிவிட்டார். அது யாருடையது என்று பார்க்கவில்லை. அது கொட்டகை முதலாளி தவமணியுடையது. அவர் அந்த வண்டியில் இறக்கிவைத்தது கோபம். வாயைத் திறந்தால் வசவு என்று இருந்தவர், போன மாதம் ஏறி இறங்கியபோது சைலன்சர் டமால் டமால் என்று வெடித்து, பிளக் கருகி, அதோடு சாதுவாகிப்போனார்.

மாயக்காவும் மற்றவர்களும் இடுப்புவலியைக் கொடுத்துவிட்டுத் தவமணியின் கோபத்தை வாங்கிக்கொண்டு இறங்கினார்கள். வீட்டுக்குப் போகவில்லை; நேராகக் கொட்டகைக்குப் போனார்கள். இத்தனை வருசம் அவர் வாயிலிருந்து கேட்ட வசவுகளையெல்லாம் ஒரு சொல் குறையாமல் அவருக்கே திருப்பிக் கொடுத்தார்கள். பதில் சொல்ல அவரிடம் கோபம் மிச்சமில்லை. மறுநாளே ஆளுக்கொரு முதுகு சாயும் நாற்காலி வந்தது, கூரையில் மின்விசிறி வந்தது. அந்தப் பிளக்கை அப்படியே விட்டுவைக்கச் சொல்லிப் பாதி ஊர் கேட்டது. ஒச்சம்மா, "யாரு கோவத்தையும் சொமக்க எனக்குத் தெம்பில்ல," என்று கழற்றச் சொல்லிவிட்டாள். ஆனாலும் மாயக்காவிடம் கொஞ்சம் தங்கிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். பின்னால் நடந்ததைப் பார்த்தால் அப்படித் தோன்றுகிறது.

கார்த்திகையில் ஒருநாள் ஒச்சம்மா கமிட்டியின் முன்னால் போய் நின்றாள். கோயில் வாசலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தருக்கும் மூட்டு மடக்குவதில் சிரமம் இல்லை.

"ஒரே ஒரு நாளு கனியண்ணன் ஓட்டட்டும். நான் பின்னாடி உக்காந்து மேல போயிட்டு வாரேன்," என்றாள். "எனக்கு முடியலப்பா. வேற ஒண்ணும் இல்ல. அசதியா இருக்கு."

சுருளிவேல் தொண்டையைச் செருமினார். "ஒனக்கு இல்லாததாத்தா. ஆனா ஒன் அசதி சின்ன அசதியா, சொல்லு? எத்தன வருசத்து அசதி. மத்தவுகளுக்கு ஒரு முட்டு, ஒரு முதுகு. ஒனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரைக்கும்ல. மூணு சிலிண்டர் தாங்காது."

"தாங்காம நின்னுபோச்சுன்னா நாங்க எங்க போறது தாயி?" என்றார் தவமணி. கோபமே இல்லாமல், கண்ணில் தண்ணீரோடு அவர் கேட்டதால் ஒச்சம்மாவால் மறுத்துப் பேச முடியவில்லை. கோபக்காரத் தவமணியாக இருந்தால் அவள் இரண்டு வார்த்தை திருப்பிக் கேட்டிருப்பாள்.

வாய்ப்பேச்சாக விட்டால் மனசு மாறிவிடும் என்று, பின்சீட்டில் உட்காரமாட்டேன் எனச் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். மொக்கையன் தட்டில் சூடத்தை ஏற்றினான். ஒச்சம்மா உள்ளங்கையால் அதை அணைத்தாள். சுட்டது என்பதுகூட வீட்டுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அன்றைக்கு அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதாள், பாவம். அழுது முடிக்கவும் தெம்பில்லாமல் பாதியில் விட்டாள்.

தை பிறந்தது. கொட்டகைப் பெண்கள் நாலு பேரை, இந்த முறை தோள்வலிக்காக, ஏற்றிக்கொண்டு ஒரு முற்பகலில் அவள் மலையேறினாள், மாயக்கா முன்சீட்டில். ஐந்தாவது வளைவில் எஞ்சினின் சத்தம் தாலாட்டாகிவிட்டது. ஒச்சம்மாவின் தலை ஸ்டியரிங்கின் மேல் சாய்ந்தது. வண்டி ரோட்டோரக் கல்லில் முட்டி, கல்லைச் சாய்த்து, முன்சக்கரம் ஒன்று பள்ளத்தின் விளிம்பை எட்டிப் பார்த்த நேரத்தில் மாயக்கா ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தாள். வண்டி நின்றது. கீழே, வெகு கீழே, கல் உருண்டு விழும் சத்தம் கேட்டது. ஒச்சம்மா நிமிர்ந்து, "வந்துட்டமா?" என்று கேட்டாள்.

மாயக்கா போன் போட்டு, கனி மொபெட்டில் வந்து சேர்ந்து, எல்லோருமாக வண்டியை ரோட்டுக்கு இழுத்துவிட்டார்கள். கனி பானட்டைத் திறக்கவில்லை. ஒச்சம்மாவின் முகத்தைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாவியக் குடு தாயி," என்றார்.

"சத்தியம் பண்ணிருக்கேண்ணே. உக்காரமாட்டேன்னு."

"உக்காரமாட்டேன்னுதான பண்ணுன," என்றாள் மாயக்கா. பின்கதவைத் திறந்து, உள்ளே இருந்தவர்களை இறக்கினாள். "படு. படுக்கமாட்டேன்னு சொல்லலைல்ல? காளி கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

ஒச்சம்மா முழங்காலை மடக்கிப் பின்சீட்டில் படுத்தாள். ரெக்சின் வெயிலில் சூடேறியிருந்தது. இத்தனை பேர் சாய்ந்து சாய்ந்து அதில் ஒரு குழி விழுந்திருந்தது, அவளுக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது. கனி ஓட்ட, மாயக்கா முன்சீட்டில் இருக்க, வண்டி கிளம்பி, ஏறி, காளி கோயில் வளைவில் திரும்பியது வரைதான் அவளுக்குத் தெரியும். இதற்குமேல் உள்ளதெல்லாம் ஊர் பிறகு அவளுக்குச் சொன்னது, ஆளுக்கொரு விதமாக.

வளைவில் திரும்பியதும் எஞ்சின் நின்றுவிட்டது. இருமவில்லை, உதறவில்லை, புகைவிடவில்லை. ஒரு பெருமூச்சு விட்டு நின்றது என்று மாயக்கா சொல்வாள். நடந்து இறங்கிய மற்ற பெண்கள் ஊரில் சேதி சொல்ல, கொஞ்ச நேரத்தில் கணவாய்ப்பட்டியே மலையேறி வந்துவிட்டது. எல்லோருக்கும் முன்னால் சுருளிவேல், இழுப்பில்லாத நெஞ்சோடு ஓட்டமாக. கனி பானட்டைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிளக்கில் பொறி வந்தது. பெட்ரோல் வந்தது. டைமிங் பெல்ட் இறுக்கமாக இருந்தது. ரேடியேட்டரில் தண்ணீர் இருந்தது, ஆயில் தேன் நிறத்தில் இருந்தது.

"என்ன ரிப்பேரு?" என்றார் சுருளிவேல்.

"ஒரு ரிப்பேரும் இல்ல. அசந்திருக்கு."

"எப்ப எந்திரிக்கும்?"

"அவ எந்திரிக்கைல."

எல்லோரும் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார்கள். ஒச்சம்மா வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். உள்ளங்கை மேலே பார்த்துக் கிடந்தது. அதில் சூடம் சுட்ட தழும்பு. பார்த்தவர்கள் ஒவ்வொருவராகத் தள்ளி நின்றார்கள்.

தவமணிதான் மெதுவாகச் சொன்னார், "இறக்கம்தானப்பா. உருட்டிவிட்டு ரெண்டாவது கியரப் போட்டு கிளட்ச விட்டா ஸ்டார்ட் ஆகிரும்ல?"

"ஆகும்," என்றார் கனி. "எஞ்சினு முழிச்சிரும். இவளும் முழிச்சிருவா. வாங்குன அசதியத் திருப்பி இவ கையில குடுத்துட்டு, நாளைக்கு ஒங்க வரிசையப் பாக்க வந்துரும். சொல்லுங்க, செய்யட்டுமா? இல்ல, நியூட்ரல்ல போட்டு மெதுவா எறக்கினா, இது இனிமே எப்ப எந்திரிக்குமோ எனக்குத் தெரியாது. எந்திரிக்காமலே போனாலும் போயிரும்."

மாயக்கா பின்கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். யாராவது தொட்டால் என்ன நடக்கும் என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. ஆனால் யாரும் தொடவில்லை. ஆளுக்கு ஆள் தங்கள் முட்டையும் இடுப்பையும் நெஞ்சையும் நினைத்துக்கொண்டார்கள். வரிசையில் இன்னும் ஏறாதவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள், வலியோடுதான் மலையேறி வந்திருந்தார்கள். கோயில் மணி காற்றுக்குத் தானாக அசைந்தது. வெகு நேரம் கழித்துச் சுருளிவேல் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"நியூட்ரல்ல போடுங்க ராவுத்தரே."

இறக்கத்தில் விட்டால் வண்டி பறக்கும். பிரேக்கைப் பிடித்தால் கிறீச்சிட்டு அவளை எழுப்பிவிடும். அதனால் கையாலேயே பிடித்துப் பிடித்து இறக்கினார்கள். பம்பரில் சிலர், கதவுக் கைப்பிடியில் சிலர், முன்னால் பானட்டில் கையைக் கொடுத்துப் பின்பக்கமாக நடந்தவர்கள் சிலர். வளைவுக்கு வளைவு ஆள் மாறினார்கள். மேடு பள்ளத்தில் சக்கரம் குலுங்காமல் இருக்க மொக்கையன் முன்னே ஓடி ஓடிக் கல்லைப் பொறுக்கினான். டாக்டர் கழுத்து நரம்பு புடைக்கப் பிடித்தார். தவமணி தன் கொட்டகைப் பெண்களுக்கு நடுவில் நின்று பிடித்தார். இருமல் வந்தவர்கள் துண்டை வாயில் அடைத்துக்கொண்டார்கள். சமதளம் வந்ததும் தள்ளினார்கள். வெயில் தாழ்ந்தபோது வண்டியை ஒச்சம்மாவின் வீட்டு வாசலில், வேப்பமரத்தடியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அவள் புரண்டுகூடப் படுக்கவில்லை.

மறுநாள் வெயில் சுள்ளென்று ஏறிய பிறகுதான் ஒச்சம்மா கண்விழித்தாள். உடம்பு அவளுடையதாக இருந்தது. கதவைத் திறந்து காலைக் கீழே வைக்கப்போனவள் அப்படியே நிறுத்தினாள். வண்டியைச் சுற்றி, வாசலிலும் தெருவிலும், நேற்று வண்டியைத் தாங்கி இறக்கிய அசதியில் ஊர் முழுக்கத் தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. சுருளிவேல் பின்சக்கரத்தில் தலைசாய்த்து, பழையபடி நெஞ்சு விசில் அடிக்கத் தூங்கினார். அவர் சம்சாரம் முட்டியைப் பிடித்தபடியே தூங்கினாள். மாயக்கா கதவோரம் உட்கார்ந்தவாக்கில், கனி ராவுத்தர் பானட்டின் மேல், டாக்டர் சாக்கடை ஓரத்தில்.

சாவி ஸ்டியரிங்கில்தான் தொங்கியது. திருப்பினால் கிளம்பிவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த எஞ்சினை அவளுக்குத் தெரியும். சத்தம் வராமல் அதை உருவி, முந்தானையில் முடிந்துகொண்டாள். யாரையும் மிதித்துவிடாமல் காலைப் பார்த்துப் பார்த்து வைத்து வாசற்படிக்குப் போய், உட்கார்ந்தாள்.